லீவர் ரைஃபிள்கள்: பதினேழு மான் பருவங்களில் கற்றது

பென்சில்வேனியா மாநிலத்தில் மான் வேட்டைக்கு அரைத் தானியங்கி ரைஃபிளை எடுத்துச் செல்லக் கூடாது. ஒரு தோட்டா வெடித்தபின் அடுத்ததைக் கையால்தான் ஏற்றியாக வேண்டும். அதனால் இங்குள்ள வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் குழலைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் என்ற தாழை இழுத்துத் தள்ளும் ரைஃபிள், முன்கட்டையை இழுக்கும் பம்ப் ரைஃபிள், விசைக்குக் கீழே உள்ள வளையத்தை முன்னால் தள்ளி மூடும் லீவர் ரைஃபிள் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் வைத்திருப்பார்கள். 2008ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் அருகே வீடு வாங்கிக் குடியேறியபோது, லீவர் ரைஃபிள் என்றால் கௌபாய்ப் படங்களில் குதிரை மேலிருந்து சுடுவது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. நான் வளர்ந்த ஊரில் துப்பாக்கி என்பதே அரிய பொருள். பயிரைக் காப்பதற்கென்று தாத்தா உரிமம் வாங்கி வைத்திருந்த ஒற்றைக் குழல் துப்பாக்கியும், தேர்தல் அறிவிப்பு வரும்போதெல்லாம் காவல் நிலையத்துக்குப் போய்விடும். பன்றி விரட்டியதைவிட அங்கே சுவரில் சாய்ந்திருந்த காலமே அதற்கு அதிகம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் மாநிலம் நடத்தும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்கு என்னை அழைத்துப் போனவரும், தேர்வு எழுதி உரிமம் வாங்கியபின் தம் நண்பர்களின் வேட்டைக் குடிலுக்கு என்னைச் சேர்த்துக்கொண்டவரும் அவர்தான். குடில் வடக்கே பாட்டர் மாவட்டத்தில் இருக்கிறது. ஹெம்லாக் மரங்களும், இடுப்புயரத்துக்கு வளர்ந்து வழியை மறிக்கும் மலை லாரல் புதர்களுமாக நிறைந்த காடு. அங்கே மானைப் பார்த்தால் பெரும்பாலும் அறுபது எழுபது கெஜத்துக்குள்தான் பார்க்கலாம். நூறு கெஜம் தாண்டிப் பார்வை போகும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. துப்பாக்கிக் கடை மேசையில் சாய்ந்து நிற்பவர்கள் எந்தத் தோட்டா எவ்வளவு தூரம் போகும் என்றுதான் மணிக்கணக்கில் பேசுவார்கள். பதினேழு பருவங்களில் அந்தக் கேள்வி எனக்கு ஒரு முறைகூடக் குறுக்கே வரவில்லை. குறுக்கே வந்தவை எல்லாம் கண், கட்டைவிரல், குளிர், இருட்டில் தோட்டாவை இறக்குவது ஆகியவைதாம்.

முதலில் வாங்கியது வின்செஸ்டர் 94. எழுபதுகளில் செய்யப்பட்ட, ஏற்கெனவே இருவர் கை மாறிய துப்பாக்கி. 320 டாலர் கொடுத்தேன். ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1894இல் வெளிவந்த இந்த ரைஃபிள், அடுத்த ஆண்டு .30-30 தோட்டாவுக்கு ஏற்பச் செய்யப்பட்டபோதுதான் தன் இடத்தைப் பிடித்தது. அதற்கு முன் புகை கக்கும் கரிய வெடிமருந்தையே நம்பியிருந்த வேட்டைக்காரர்களுக்கு, புகையில்லா மருந்தைக் கொண்ட இந்தத் தோட்டா பெரிய மாற்றமாக இருந்தது. பெயரில் உள்ள முதல் முப்பது குழலின் உள்விட்டம், அங்குலத்தின் நூற்றில் முப்பது பங்கு. இரண்டாவது முப்பது மருந்தின் எடை, கிரெய்ன் என்ற மிகச் சிறிய எடை அளவின் கணக்கில். தோட்டாவை உருவாக்கியது வின்செஸ்டர் என்றாலும், போட்டியாளரின் பெயரைத் தங்கள் துப்பாக்கிக் குழலில் பொறிக்க மனமில்லாத மார்லின் நிறுவனத்தார் பயன்படுத்திய பெயர்தான் .30-30 என்று நிலைத்துவிட்டது. இன்று வின்செஸ்டர் துப்பாக்கி வைத்திருப்பவரும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்.

இருபது அங்குலக் குழலும் ஏறக்குறைய ஆறரைப் பவுண்டு எடையும் கொண்ட இந்த 94, தூக்கிக்கொண்டு நடப்பதற்கென்றே செய்தது போன்றது. தோட்டா ஏறி இறங்கும் எஃகு உடலை ரிசீவர் என்பார்கள்; இதில் அது தட்டையாகவும் மெலிதாகவும் இருப்பதால் சரியாக அந்த இடத்தில் ஒரே கையால் பிடித்தால் துப்பாக்கி முன்னும் பின்னும் சாயாமல் கையில் கிடக்கும். புதருக்குள் நுழைந்து நுழைந்து ஆறு மணி நேரம் நடந்தபின்தான் இதன் அருமை தெரியும். பின்னால் நான் வாங்கிய எதுவும், இரவல் வாங்கிய எதுவும், இந்த ஒரு விஷயத்தில் இதற்கு ஈடாகவில்லை.

ஆனால் வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூட்டை இது தலைக்கு மேலே வீசும். ரிசீவரின் மேற்புறம் திறந்திருப்பதால் வழக்கமான முறையில் அதன் மீது ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பொருத்த முடியாது. 1980களில் கூடு பக்கவாட்டில் விழும்படி இதை மாற்றினார்கள். என்னுடையது அதற்கு முந்தையது. நாற்பது வயதில் வெள்ளெழுத்து வந்தபோது இது எனக்குப் பெரிய குறையாகிவிட்டது. திறந்த குறிகளை வைத்துச் சுடும்போது பின்குறி, முன்னால் இருக்கும் குறிமுள், மான் ஆகிய மூன்றையும் கண் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். இளைஞர்களின் கண் அதைச் செய்துவிடுகிறது. எனக்கோ பின்குறி ஒரு கறுப்புப் பஞ்சாகத் தெரியத் தொடங்கியது. நடுப்பகலில் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். மான் நடமாடுகிற விடியலிலும் அந்தியிலும் ஒன்றும் நடக்காது.

மற்றொரு பாடமும் இதே துப்பாக்கியில்தான் கற்றேன். முதல் பருவத்தில் ஒரு மானைச் சுட்டுக் குறி தவறியது. பதற்றத்தில் லீவரைத் தள்ளினேன், மூடினேன், விசையை அழுத்தினேன், வெடிக்கவில்லை. வெற்றுக்கூடு வெளியே போயிருந்தது, அடுத்த தோட்டா மட்டும் ஏறவில்லை. நான் லீவரை முக்கால்வாசிதான் தள்ளியிருக்கிறேன். இந்த வகைத் துப்பாக்கியில் லீவரை மென்மையாகக் கையாள்வது உதவி அல்ல; முன்னே போய் முட்டும்வரை தள்ளி, பின்னே வந்து முட்டும்வரை இழுக்க வேண்டும். பின்னே முழுவதும் இழுக்காவிட்டாலும் விசை வேலை செய்யாது, ஏனென்றால் மூடிய லீவர் ஒரு சிறு தடுப்பை உள்ளே தள்ளினால்தான் விசை விடுபடும். தடித்த கையுறை போட்டிருந்தால் இந்தக் கடைசி அரை அங்குலம்தான் ஏமாற்றும்.

2010இல் மார்லின் 336 வாங்கினேன். வின்செஸ்டரும் மார்லினும் ஒரே தோட்டாவைச் சுடுபவை, ஏறக்குறைய ஒரே நீளம், ஒரே தோற்றம். தூரத்தில் நின்று பார்த்தால் அண்ணன் தம்பி என்றே தோன்றும். உள்ளே முற்றிலும் வேறு. 1948இல் வந்த 336இன் போல்ட் உருண்டையானது, ரிசீவரின் மேற்புறம் மூடியது, வெற்றுக்கூடு வலப்புறம் விழும். மேலே ஸ்கோப்பைத் திருகிவிட்டால் கண்ணின் வேலை முடிந்தது. குறைந்த பெருக்கம் கொண்ட ஸ்கோப்பே போதும்; இரண்டரை மடங்குக்கு மேல் நான் வைத்ததில்லை, ஏனென்றால் புதருக்குள் அறுபது கெஜத்தில் நிற்கும் மானை ஒன்பது மடங்கு பெரிதாக்கினால் வெறும் பழுப்பு மயிர்தான் தெரியும். ஸ்கோப் வைத்தபின், விசையை அழுத்தியதும் பாய்ந்து தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியலைச் சுடுமுன் கட்டைவிரலால் பின்னிழுக்க இடம் போதாது என்பதால், பக்கவாட்டில் நீளும் ஒரு சிறு துண்டைச் சுத்தியலில் பொருத்திக்கொள்ள வேண்டும். சில டாலர் விலையுள்ள அந்தத் துண்டு இல்லாமல் ஸ்கோப் பொருத்திய லீவர் ரைஃபிளைக் காட்டுக்குக் கொண்டுபோவதை நான் ஒப்பமாட்டேன்.

சுத்தம் செய்வதிலும் மார்லினே மேல். லீவரைப் பிடித்திருக்கும் ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் லீவர் கையோடு வந்துவிடும். போல்ட்டைப் பின்பக்கமாக உருவிவிடலாம். குழலைத் தோட்டா நுழையும் பக்கத்திலிருந்தே துடைக்கலாம். வின்செஸ்டரில் அவ்வளவு எளிதாகப் போல்ட்டை எடுக்க முடியாததால் பெரும்பாலோர் குழல் வாய்ப்பக்கமாகக் கம்பியை விட்டுத் துடைக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் கம்பி உரசி உரசி, துல்லியத்துக்கு மிக முக்கியமான அந்த வாய் விளிம்பு தேய்ந்துபோகிறது. பழைய துப்பாக்கி வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அந்த விளிம்பைத்தான், அடுத்து திருகாணித் தலைகளை. தலை சிதைந்த திருகாணி, பொருந்தாத திருப்புளியோடு யாரோ உள்ளே புகுந்திருக்கிறார் என்று சொல்லிவிடும். மார்லினில் போல்ட்டை உருவும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை: கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் என்ற மெல்லிய தகடு, பிடிப்பில்லாமல் உள்ளேயே நழுவிவிடும். முதல் முறை அதை விரிப்பில் தேடி ஒரு மாலை போயிற்று.

இனி, என்னால் மறக்க முடியாத அந்த ஓசை. 1980களின் நடுவிலிருந்து மார்லினில் சுத்தியலுக்கு முன்னால் குறுக்காக ஒரு பொத்தான் இருக்கும். வலமிருந்து இடமாகத் தள்ளினால் துப்பாக்கி சுடத் தயார், இடப்பக்கம் ஒரு சிவப்பு வளையம் தெரியும்; திருப்பித் தள்ளினால் சுத்தியல் அந்தக் குறுக்குக் கம்பியில் மோதி நின்றுவிடும். சுத்தியலை இழுக்கலாம், விசையை அழுத்தலாம், எல்லாம் நடக்கும், வெடிப்பது மட்டும் நடக்காது. 2011இல் பருவத்தின் இரண்டாம் நாள், பனிக்கட்டித் தூறல் விழுந்துகொண்டிருந்தது. லாரல் புதரை ஒட்டி ஓர் ஆண்மான் வந்து நின்றது. எங்கள் பகுதியில் ஒரு பக்கக் கொம்பிலாவது மூன்று முனைகள் இருந்தால்தான் சுடலாம் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன், நான்கு இருந்தன. தோளுக்குப் பின்னால் ஸ்கோப்பின் குறுக்குக் கோட்டை நிறுத்தி விசையை அழுத்தினேன். டிக். சுவர்க் கடிகாரத்தின் ஓசையை விடப் பெரிதில்லை, ஆனால் அந்தக் காட்டில் அது கல்லெறிந்தது போலக் கேட்டது. மான் தலையைத் தூக்கி என் மரத்தையே பார்த்தது, ஒரு காலை ஓங்கித் தரையில் மிதித்தது, வெள்ளை வாலைக் கொடிபோல் தூக்கிக்கொண்டு போய்விட்டது. விடிவதற்கு முன் மரத்தடிக்கு வரும்போது பாதுகாப்புக்கென்று நானேதான் பொத்தானைத் தள்ளியிருந்தேன்.

அன்று இரவு குடிலில் இதைச் சொன்னபோது யாரும் வியக்கவில்லை. மார்லின் வைத்திருந்த நால்வரில் மூவர் அதே ஓசையைக் கேட்டவர்களாக இருந்தார்கள். ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி அந்தப் பொத்தானை நகராமல் செய்துவிடுபவர்களும் உண்டு. நான் அதைச் செய்யவில்லை, செய்யச் சொல்லவும் மாட்டேன். உட்கார்ந்த உடனே ஆள்காட்டி விரலால் இடப்புறம் தடவிப் பொத்தான் வெளியே நீண்டிருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். இருட்டில் சிவப்பு வளையம் தெரியாது, விரலுக்குத் தெரியும். பழைய துப்பாக்கி வாங்குபவருக்கு இங்கே ஒரு குறிப்பு: 1970களிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக மார்லின் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை 2000இலிருந்து கழித்தால் செய்யப்பட்ட ஆண்டு கிடைத்துவிடும். என்னுடையது 05 என்று தொடங்குகிறது, அதாவது 1995. மார்லினை 2007இல் ரெமிங்டன் வாங்கியது, 2020இல் அது ரூகர் கைக்கு வந்தது. பழைய கனெக்டிகட் தொழிற்சாலையில் செய்தவற்றைத் தேடுபவர்கள், குழலில் ஜே.எம். என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

மூன்றாவது, குடில் நண்பர் ஒருவர் இரண்டு பருவங்களுக்கு இரவல் தந்த சாவேஜ் 99. அதைப் பற்றிப் பேச வேண்டுமானால் மற்ற இரண்டிலும் உள்ள ஓர் அடிப்படைச் சிக்கலைச் சொல்ல வேண்டும். வின்செஸ்டரிலும் மார்லினிலும் குழலுக்குக் கீழே உள்ள நீண்ட குழாயில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிடக்கின்றன. பின்னால் இருக்கும் தோட்டாவிலுள்ள குண்டின் நுனி, முன்னால் இருக்கும் தோட்டாவின் அடியில் நடுவிலுள்ள, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். நுனி கூராக இருந்தால், துப்பாக்கி உதைக்கும்போது அது கேப்பைக் குத்தி, குழாய்க்குள்ளேயே தோட்டா வெடிக்கக்கூடும். அதனால்தான் .30-30 குண்டுகள் மழுங்கிய தட்டை மூக்கோடு வருகின்றன. மழுங்கிய மூக்கு காற்றைக் கிழிக்காது. நூறு கெஜத்துக்குக் குறி வைத்த 170 கிரெய்ன் குண்டு, இருநூறு கெஜத்தில் ஏறக்குறைய எட்டு அங்குலம் தாழ்ந்துவிடும். ஹார்னடி நிறுவனம் நுனியில் மென்மையான பாலிமரை வைத்துக் கூரான குண்டைக் குழாய்க்கும் ஏற்றதாக்கியது பிற்காலத்து ஏற்பாடு.

ஆர்தர் சாவேஜ் 1899லேயே இதற்கு வேறு வழி கண்டிருந்தார். ரிசீவருக்குள் சுழலும் ஒரு பித்தளைச் சக்கரத்தில் தோட்டாக்கள் பக்கம் பக்கமாக அமர்ந்திருக்கும். எதன் நுனியும் எதையும் தொடாது. வெளியே சுத்தியலே தெரியாது. இடப்பக்கம் ஒரு சிறு துளையில் மீதி எத்தனை தோட்டா என்ற எண்ணும் தெரியும். ஐந்து, நான்கு, மூன்று என்று அந்த எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காகவே வீட்டில் வெற்றுத் துப்பாக்கியை இயக்க ஆசை வரும். .300 சாவேஜ் தோட்டாவும் .30-30ஐ விட வேகமானது. புத்திசாலித்தனத்தில் நான் கையாண்ட லீவர் ரைஃபிள்களிலேயே இதுதான் முதலிடம். ஆனாலும் நான் ஒன்று வாங்கவில்லை. அதன் அனுகூலம் தொடங்குவது நூற்றைம்பது கெஜத்துக்கு அப்பால். என் மான்கள் அங்கே நிற்பதில்லை. வயலோரத்தில் வேட்டையாடுபவர் இதைப் படித்தால் என் முடிவை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ளலாம். தொண்ணூறுகளின் இறுதியோடு இதன் உற்பத்தி நின்றுவிட்டது. உதிரி பாகம் தேடுவதும், கடையில்.300 சாவேஜ் தோட்டா தேடுவதும் அலைச்சல்.

கைத்துப்பாக்கித் தோட்டாவான .44 மேக்னத்தைச் சுடும் மார்லின் 1894 என்ற ரைஃபிளில் இரண்டு பெட்டி சுட்டுப் பார்த்திருக்கிறேன். குட்டையானது, உதை கொஞ்சம், நூறு கெஜம்வரை மானுக்குப் போதும். காட்டுக்கு .30-30 வைத்திருப்பவருக்கு இது தேவையில்லை. பொழுதுபோக்காகச் சுடவும் வேண்டும், வேட்டைக்கும் வேண்டும், ஒன்றுதான் வாங்க முடியும் என்பவர் .357 மேக்னம் வகையை யோசிக்கலாம், அதில் மலிவான.38 ஸ்பெஷல் தோட்டாவையும் போட்டுச் சுடலாம்.

உண்மையில் நான் முதலில் வாங்கியிருக்க வேண்டியது, கடைசியாக வாங்கிய ஹென்றி .22, அதாவது மலிவான சிறிய .22 தோட்டாவைச் சுடும் லீவர் ரைஃபிள். இந்த நிறுவனம் 1990களில் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கியது. 1860இல் பதினாறு தோட்டா ரைஃபிளுக்குக் காப்புரிமை பெற்ற பெஞ்சமின் டைலர் ஹென்றியின் பெயரைத்தான் சூட்டிக்கொண்டது, பழைய ஆலையின் தொடர்ச்சி அல்ல. ஐந்தேகால் பவுண்டு எடை, பதினைந்து தோட்டாக்கள், வெண்ணெயில் கத்தி இறங்குவது போன்ற லீவர். ரிசீவரின் வெளி உறை எஃகு அல்ல, கலப்பு உலோகம். அதைக் குறையாகச் சொல்பவர்கள் மார்லின் 39ஏ-யைத் தேடிப் போகிறார்கள். இரண்டாகக் கழற்றிப் பையில் வைக்கக்கூடிய, முழுக்க எஃகாலான அருமையான துப்பாக்கி அது. விலையும் அதற்கேற்ப இருக்கும். தகரக் குவளைகளைச் சுட எனக்கு ஹென்றி போதுமானதாக இருந்தது.

.30-30 தோட்டா ஒன்று ஒரு டாலருக்கு மேல். அதனால் வேட்டைக்காரர் பலர் பருவத்துக்கு முன் ஒரு பெட்டி வாங்கி, ஐந்து சுட்டுக் குறி சரிபார்த்துவிட்டு, மீதியை மூன்றாண்டு வைத்துக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு ஐந்து முறை லீவரைத் தள்ளும் கைக்கு எந்தப் பழக்கமும் வராது. பெருந்தொற்றுக் காலத்தில் .30-30 பெட்டிகள் கடை அலமாரிகளிலிருந்தே மறைந்தபோது, கையிருப்பைத் தொடாமல் ஹென்றியில் மட்டும் வாரம் நூறு சுட்டேன். தோளில் வைத்தபடியே, கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமல் லீவரை முட்டத் தள்ளுவது அப்போதுதான் கையில் படிந்தது. அந்த ஆண்டு நவம்பரில், முதல் குண்டுக்குத் தடுமாறிய ஒரு பெண்மானுக்கு இரண்டாவது குண்டைத் தாமதமில்லாமல் தர முடிந்தது மார்லினால் அல்ல, ஹென்றியால்.

தோட்டாவை இறக்குவதை நான் கடைசிக்கு வைத்தேன், கடைக்காரர்கள் சொல்லாமலே விடுவது அதைத்தான். இங்கே தோட்டா ஏற்றிய துப்பாக்கியை வண்டிக்குள் வைப்பதும், வண்டி மேல் சாய்ப்பதும்கூடக் குற்றம். ஆகவே ஒவ்வொரு நாளும் அந்தியில், விரல் மரத்துப்போன நேரத்தில், நெஞ்சு முழுக்கப் பளீர் ஆரஞ்சு அங்கியோடு நின்று தோட்டாக்களை இறக்கியாக வேண்டும். வின்செஸ்டரிலும் மார்லினிலும் குழாயில் உள்ள ஒவ்வொரு தோட்டாவும் லீவர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். லீவரை முழுவதும் மூடாமல், தோட்டா எழும்பிப் போல்ட்டில் மாட்டியவுடன் திரும்பத் திறந்தாலே அது வெளியே விழுந்துவிடும். பொத்தானுள்ள மார்லினில் அதைப் பாதுகாப்பு நிலையில் வைத்துக்கொண்டே இதைச் செய்யலாம். என் மானைப் பறித்த அதே பொத்தான் இங்கே நூறு முறை தன் கடனைத் தீர்த்திருக்கிறது. இழுத்த சுத்தியலை இறக்க நேர்ந்தால், குழலைத் தரைக்குத் திருப்பி, சுத்தியலைக் கட்டைவிரலால் அழுந்தப் பிடித்து, விசையை அழுத்திச் சுத்தியல் நகரத் தொடங்கியவுடன் விசையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். அதன்பின் கட்டைவிரல் வழுக்கினாலும் பாதி வழியில் உள்ள பள்ளம் சுத்தியலைப் பிடித்துக்கொள்ளும். ஒரு முறை எனக்கு வழுக்கியது, பிடித்துக்கொண்டது.

இப்போது வின்செஸ்டரை விற்றுவிட்டேன். மார்லினும் ஹென்றியும் இருக்கின்றன. மகள் இடக்கைக்காரி. போல்ட் ரைஃபிள் என்றால் அவளுக்கென்று தனியாகத் தேட வேண்டியிருந்திருக்கும். லீவருக்கு எந்தக் கையும் ஒன்றுதான், வெற்றுக்கூடு மட்டும் கண்ணுக்கு முன்னால் பறக்கும், கண்ணாடி போட்டிருந்தால் போதும். மார்லினின் சுத்தியல் துண்டை அவளுக்காக மறுபக்கம் திருப்பி மாட்டினேன். போன கோடையில் அவள் ஹென்றியில் குவளைகளைச் சுட்டு முடித்தபின், நான் ஒன்றும் சொல்லாமல் தள்ளி நின்றேன். குழாயின் உள்குழலை முழுவதும் உருவி, துப்பாக்கியைச் சாய்த்து மீதி மூன்று தோட்டாவை உள்ளங்கையில் கொட்டினாள். லீவரை இரண்டு முறை முட்டத் தள்ளிப் பார்த்தாள். திறந்த ரிசீவருக்குள் குனிந்து பார்த்தது போதாமல், சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தோட்டா இருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, கரி படிந்த அந்த விரலை என் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.